பல்பீர் சிங் சீனியர்: கல்லூரி அணித்தலைவரைக் கைது செய்துதான் காவல்துறையில் சேர்த்தார்களா?

தாமிரபரணிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஹாக்கி வரலாற்றை ஆழ்ந்து படித்தவர்களிடம் ஒரு விளக்கம் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். லண்டன், ஹெல்சிங்கி, மெல்பர்ன் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற பல்பீர் சிங் சீனியர், அமிர்தசரஸ் கால்சா கல்லூரியில் படித்த காலத்தில் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கினார் என்பதும், அதன் பின்னர்ப் பஞ்சாப் காவல்துறையில் பணியாற்றினார் என்பதும் பலரும் அறிந்தவை. இவ்விரண்டுக்கும் நடுவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சிதான் எனக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. காவல்துறையில் சேர விருப்பமில்லாமல் தில்லிக்குச் சென்றுவிட்ட அவரை, அன்றைய ஆங்கிலேயக் காவல்துறைத் தலைவர் ஆளனுப்பிக் கைது செய்து, ஜலந்தருக்குக் கொண்டுவந்து வேலையில் சேர்த்துக்கொண்டார் என்கிறார்கள். இது உண்மையில் நடந்ததா, அல்லது புகழ்பெற்றவர்களைச் சுற்றி வளரும் கதைகளில் ஒன்றா?

இரண்டாவது ஐயமும் உண்டு. அவர் காவல் நிலையத்தில் உட்கார்ந்து காவலர் வேலை பார்த்தவரா, அல்லது சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர் இருந்து மைதானத்திலேயே காலம் கழித்தவரா? இதைக் கேட்பதற்கு வீட்டுக் காரணம் ஒன்று இருக்கிறது. என் அக்காள் மகள் தன் கல்லூரி ஹாக்கி அணியின் தலைவியாக ஆடி வருகிறாள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கும் 10 விழுக்காட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து, அது காவலர் வேலையா, ஆட்டக்காரர் வேலையா என்று எங்கள் குடும்பத்தில் வாக்குவாதம் ஓயவில்லை. பல்பீரைப் பற்றிய செய்தியை எடுத்துக்காட்டியது நான்தான் என்பதால், அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் எனக்கு வந்துவிட்டது.

பழைய லெஃப்ட் இன் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு விடை, ஆம், நடந்ததுதான். பல்பீர் சிங்கே தம் வாழ்நாளில் பல முறை சொல்லிய செய்தி அது. ஆனால் வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படும்போது அதன் முன்பகுதி விடுபட்டுப் போகிறது. அந்த முன்பகுதி தெரியாவிட்டால், நல்ல வேலை தேடி வந்தபோது ஓர் இளைஞர் ஏன் ஓடி ஒளிய வேண்டும் என்பது விளங்காது.

அவருடைய தந்தை தலிப் சிங் தோசாஞ்ச் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். ஆகவே அந்த வீட்டில் காவல்துறை என்பது தகப்பனைப் பிடித்துக்கொண்டு போகிற துறையாகத்தான் அறிமுகமாகியிருந்தது. மோகா என்ற சிறு நகரில் வளர்ந்த பல்பீர், கோல்கீப்பராகத் தொடங்கி, பின்கள ஆட்டக்காரராக மாறி, இறுதியில் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரரின் இடத்துக்கு வந்து சேர்ந்தவர். மோகா கல்லூரியில் படிப்பு சரியாக வராததால் லாகூரில் இருந்த சீக்கிய தேசியக் கல்லூரிக்குப் போனார். அங்கு அவர் ஆடியதைக் கண்ட ஹர்பைல் சிங் என்ற பயிற்சியாளர், கால்சா கல்லூரிக்கு வந்துவிடும்படி அவரை விடாமல் வற்புறுத்தி, 1942ஆம் ஆண்டு குடும்பத்தாரின் ஒப்புதலோடு அமிர்தசரசுக்கு அழைத்துச் சென்றார். இந்த ஹர்பைல் சிங்தான் பிற்காலத்தில் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர் என்பதைச் சொன்னால், அந்தக் கல்லூரி மைதானத்தில் எத்தகைய பயிற்சி நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப் பல்கலைக்கழகம் இன்றைய அளவில் பார்த்தால் மிகப் பெரிய பரப்பைத் தன்னுள் கொண்டிருந்தது. பஞ்சாபின் கல்லூரிகள் மட்டுமன்றி அண்டை நிலப்பகுதிகளின் கல்லூரிகளும் அதில் இணைந்திருந்ததால், அந்த அணியில் இடம் கிடைப்பதே அரிது. அப்படிப்பட்ட அணி, பல்பீரின் தலைமையில் 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான கோப்பையை வென்றது. பஞ்சாப் காவல்துறையின் தலைவராக இருந்த சர் ஜான் பென்னட்டின் கண்ணில் அவர் பட்டது இந்த வெற்றிகளால்தான். காவல்துறை அணிக்காக ஆடும்படி அழைப்பு வந்தது. மனமில்லாத பல்பீர் தில்லிக்குச் சென்று, மத்தியப் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, அதன் அணியில் ஆடத் தொடங்கிவிட்டார். பென்னட் அங்கேயே காவலர்களை அனுப்பிக் கைது செய்ய வைத்து ஜலந்தருக்குக் கொண்டுவரச் செய்தார். காவல்துறையில் சேர ஒப்புக்கொண்டால் விடுதலை என்பதுதான் நிபந்தனை.

சேர்ந்த பதவி ஏ.எஸ்.ஐ. எனப்படும் உதவி சார்பு ஆய்வாளர் பதவி. தலைமைக் காவலருக்கு மேலும் சார்பு ஆய்வாளருக்குக் கீழும் வட மாநிலங்களில் உள்ள இந்தப் படிநிலை நம் ஊர்க் காவல் நிலையங்களில் பழக்கமானதன்று. ஆகவே தமிழில் எழுதுவோர் சிலர் அவரை நேராக ஆய்வாளர் ஆக்கிவிடுகிறார்கள். கோப்பைகளை அடுக்கிய ஒரு தலைவருக்குக் கிடைத்த தொடக்கப் பதவி அவ்வளவு உயர்ந்ததன்று.

ஆவணப்பித்தன் எழுதியது:

மேலே உள்ள விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தக் கைதை ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ஹாக்கிப் பற்றாகப் போற்றும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. குற்றம் எதுவும் செய்யாத ஓர் இளைஞனை, தன் அணிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக, வேறொரு நகரத்துக்குக் காவலர்களை அனுப்பிப் பிடித்து வரச் செய்ததைத் தெளிவாக அதிகார அத்துமீறல் என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் பல்பீர் அதைக் கசப்பின்றிச் சொன்னார் என்பது அவருடைய பெருந்தன்மை. அதனால் பென்னட்டின் செயல் நியாயமாகிவிடாது.

ஒரு மாகாணத்தின் காவல்துறைத் தலைவருக்கு ஒரு சென்டர் ஃபார்வர்டின் மீது ஏன் இவ்வளவு வேட்கை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளில் அன்று அமெச்சூர் விதி கடுமையாக நடைமுறையில் இருந்தது. ஆடுவதற்கென்று பணம் வாங்கினால் தகுதியிழப்பு. அதே சமயம், காலையும் மாலையும் மைதானத்தில் நிற்பவனுக்கும் வயிறு உண்டு. இந்த முடிச்சை அவிழ்த்தவை அரசுத் துறைகள்தாம். துறை அவனுக்கு ஒரு பதவியைக் கொடுக்கும். சம்பளம் அந்தப் பதவிக்கு உரியது. ஆட்டத்துக்காகக் கொடுத்தது பணமன்று, விடுப்பும் மைதானமும் மட்டை வாங்கும் வசதியும்தான். ஹாக்கி மேதை தியான் சந்த் 1922இல் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, மேஜராக ஓய்வு பெற்றதும், மற்றோர் ஒலிம்பிக் ஹாக்கி வீரரான லெஸ்லி கிளாடியஸ் கல்கத்தாவில் சுங்கத் துறை அணிக்காக ஆடியதும் இந்த ஏற்பாட்டின் வேறு முகங்கள். படை, ரயில்வே, சுங்கம், துறைமுகம், காவல்துறை ஆகியவை ஒன்றோடொன்று போட்டியிட்டு ஆட்களைப் பிடித்தன. கோப்பை வெல்வது துறைத் தலைவருக்குக் கௌரவப் பிரச்சினை. கல்லூரி முடித்து வெளியே வரும் அணித்தலைவன், இந்தச் சந்தையில் எல்லாரும் விலை பேசும் சரக்கு. பென்னட் விலை பேசாமல் விலங்கைக் காட்டினார் என்பதுதான் வேறுபாடு.

ஆகவே தாமிரபரணிவாசியின் இரண்டாவது கேள்விக்கு என் விடை சுருக்கமானது. பல்பீரைக் காவல்துறை ஆட்டக்காரராகத்தான் வேலைக்கு எடுத்தது. காவல் பணி அதன் மேல் போர்த்திய சட்டை.

காக்கிக்காலம் எழுதியது:

ஆவணப்பித்தன் அவர்களே, வேலைக்கு எடுத்த நோக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சட்டையை அணிந்தவர் அதற்குள் என்ன செய்ய நேர்ந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். காவல்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

1947ஆம் ஆண்டு தேசிய ஹாக்கிப் பட்டத்தை வென்ற பஞ்சாப் அணியில் பல்பீர் சென்டர் ஃபார்வர்டு. அணித்தலைவர் ஏ.ஐ.எஸ். தாரா, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்தோடு ஆடித் தங்கம் வென்றவர். அந்தப் பட்டம் கைக்கு வந்த அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மாகாணம் இரண்டாகப் பிளந்தது. பல்பீர் அப்போது லூதியானாவின் சதர் காவல் நிலையத்தில் பணியில் இருந்தார். எல்லைக்கு இரு புறமும் நடந்த கொலைகளையும், ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் நகர்ந்த கூட்டங்களையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றைக் காக்கிச் சட்டையோடு நேரில் சந்தித்த கீழ்நிலை அதிகாரிகளைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் காலப் பஞ்சாப் காவல்துறையின் அமைப்பை அறிந்தால் சூழ்நிலை இன்னும் தெளிவாகும். ஒன்றுபட்ட பஞ்சாபின் காவலர்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். பிரிவினையோடு அவர்கள் மேற்கே போய்விட, கிழக்குப் பஞ்சாபின் காவல் நிலையங்கள் ஆளின்றிக் கிடந்தன. அமைதியைக் காக்க அமைக்கப்பட்ட பஞ்சாப் எல்லைப் படையின் பொறுப்பில் இருந்த மாவட்டங்களுள் லூதியானாவும் ஒன்று. ஆனால் அந்தப் படையும் ஆகஸ்ட் மாதம் தாண்டுவதற்குள் செயலிழந்து கலைக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாள்களில், இவர் ஆட்டக்காரர், இவரை மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று எந்த நிலைய அதிகாரியும் ஓர் ஏ.எஸ்.ஐ.யை விட்டுவைத்திருக்க முடியாது. மைதானத்தில் ஆடுவதற்கு அணியும் மிஞ்சவில்லை. அணித்தலைவர் தாரா பாகிஸ்தானுக்குப் போய், அடுத்த ஆண்டு லண்டனில் அந்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கினார். லாகூரின் மாடல் டவுனிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணை 1946இல் மணந்திருந்த பல்பீருக்கு, மாமனார் வீடு இருந்த ஊரும் அயல்நாடாகிப் போனது.

பயிற்சி முடித்து வரும் இளம் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் கலவரத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்துத்தான் நிலையத்தில் அவருக்கு மதிப்பு உருவாகும். பல்பீருக்கு வாய்த்த முதல் கலவரம் இந்த நாடு கண்டவற்றிலெல்லாம் பெரியது. அவரைப் பெயரளவுக் காவலர் என்று சொல்வதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.

இதனால் அவர் ஆட்டத்தில் இழந்ததையும் கணக்கில் வையுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கான தேர்வு முகாமுக்கு முதலில் அவருக்கு அழைப்பே வரவில்லை. 1932இல் தங்கம் வென்ற அணியில் ஆடிய டிக்கி கார், இவரை விட்டுவிட்டு அணியைத் தேர்ந்தெடுப்பதா என்று குரல் கொடுத்த பிறகே அழைக்கப்பட்டார். லண்டனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல்கள். பிரிட்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் முதல் இரண்டு கோல்களும் அவருடையவை. இடைப்பட்ட ஆட்டங்களில் அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்காத மர்மம். ஆகஸ்ட் 12ஆம் நாள், வெம்பிளி மைதானத்தில், தந்தையைச் சிறையில் அடைத்த அரசின் நாட்டை 4-0 என்று வீழ்த்தியவர் ஒரு பஞ்சாப் காவல்துறை ஏ.எஸ்.ஐ.

தாமிரபரணிவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. காக்கிக்காலம் ஐயா எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். என் அக்காள் உடனே ஒரு மறுகேள்வி போட்டார்: பிரிவினை என்பது எப்போதோ ஒரு முறை நிகழ்ந்த பேரிடர், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, அமைதியான காலத்தில் ஹாக்கி ஆடிக் காவல்துறைக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுச் சொல் என்கிறார். பல்பீரும் கடைசி வரை காவல்துறையிலேயே இருந்தாரா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய லெஃப்ட் இன் எழுதியது:

உங்கள் அக்காளின் கேள்வி மிகவும் சரியான கேள்வி. பல்பீரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1952 ஹெல்சிங்கியில் துணைத்தலைவர். அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களும், இறுதியில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றபோது அடித்த ஐந்து கோல்களும் அவருடையவை. ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஒருவர் அடித்த அந்த ஐந்து கோல்களை ஆடவர் ஹாக்கியில் இன்றளவும் எவரும் தாண்டவில்லை. 1956 மெல்பர்னில் அணித்தலைவர். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்துவிட்டுக் கை விரல் எலும்பு முறிந்து, அந்தச் செய்தியை எதிரணியினர் அறியாதபடி மறைத்து, அரையிறுதியிலும் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதியிலும் வலியோடு ஆடினார். இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை ரண்தீர் சிங் ஜென்டில் அடித்தார். காயம் பட்ட தலைவர் களத்தில் நின்றாலே எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் அவரையே சுற்றி நிற்பார்கள் என்ற கணக்கு பலித்தது. 1957இல் பத்மஸ்ரீ. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அந்த விருது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

ஆட்டம் முடிந்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் அவர் காக்கியைக் கழற்றிவிட்டுப் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறைக்கு மாறிவிட்டார். 1971 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற அணிக்குப் பயிற்சியாளராகவும், 1975இல் கோலாலம்பூரில் கோப்பையை வென்ற அணிக்கு மேலாளராகவும் இருந்தது அந்தக் காலத்தில்தான். அந்த 1975 அணியில் நம் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸும் ஆடினார். ஆக, காவல்துறை அவருடைய வாழ்வின் ஒரு பகுதி மட்டுமே. அவரே கடைசியில் மைதானத்தின் பக்கம்தான் சாய்ந்தார் என்பதை ஆவணப்பித்தன் தம் கட்சிக்கு வலுவாகக் கொள்ளலாம்.

அமைதிக்காலத்துக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். லூதியானா வேளாண்மைக் கல்லூரியில் படித்த பிரிதிபால் சிங், ஷார்ட் கார்னர் (எதிரணியின் தவறுக்குத் தண்டனையாகக் கோலுக்கு அருகே கிடைக்கும் வாய்ப்பு) அடிப்பதில் தம் காலத்தில் நிகரற்றவர். பஞ்சாப் காவல்துறைக்காக ஆடினார், பிறகு அங்கிருந்து ரயில்வேக்குப் போனார், இறுதியில் தாம் படித்த கல்வி நிலையத்துக்கே மாணவர் நலப் பொறுப்பாளராகத் திரும்பினார். 1983இல் அந்த வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குக் காவல்துறை ஒரு தங்கல் மட்டுமே. இதற்கு நேர் எதிர், ஜலந்தரை அடுத்த சன்சார்பூர் கிராமத்தில் பிறந்த பல்பீர் சிங் குல்லர். 1968 மெக்சிகோ அணியில் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்தார்கள். அவர்களைப் பிரித்தறிய அவரவர் வேலை செய்த துறையையே அடைமொழியாக்கினார்கள்: படை, ரயில்வே, காவல்துறை. அந்தக் காவல்துறை பல்பீர்தான் குல்லர். ஆட்டம் ஓய்ந்த பின்னும் துறையை விட்டுப் போகாமல் படிப்படியாக உயர்ந்து, டி.ஐ.ஜி. பதவி வரை சென்று ஓய்வு பெற்றார்.

ஆவணப்பித்தன் எழுதியது:

குல்லரை ஒப்புக்கொள்கிறேன். என் முந்தைய பதிவில் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்தது போலத் தோன்றியிருந்தால், அதை நோக்கத்தைப் பற்றிய கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலையில் ஒரு வேறுபாடு இருப்பதையும் குறிப்பிட வேண்டும். டோக்கியோவில் வெண்கலம் வென்ற ஹர்மன்பிரீத் சிங் உள்ளிட்ட ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சாப் அரசு 2024 பிப்ரவரியில் டி.எஸ்.பி. பதவிக்கான நியமன ஆணை வழங்கியது. அது பதக்கத்துக்குப் பின் வரும் வெகுமதி. பல்பீருக்குக் கிடைத்ததோ பதக்கத்துக்கு முன்னால் வந்த கடைநிலை அதிகாரிப் பதவி. இரண்டையும் ஒரே மூச்சில் விளையாட்டு வேலை என்று சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. உங்கள் அக்காள் மகள் விண்ணப்பிக்கப் போகும் இடம் இவ்விரண்டில் முதல் வகை அன்று. எனவே டி.எஸ்.பி. செய்திகளைப் பார்த்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.

காக்கிக்காலம் எழுதியது:

கடைசியாக நடைமுறைச் செய்தி ஒன்று, உங்கள் அக்காளுக்காக. விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வாகிறவர்களும் மற்றவர்களைப் போலவே பயிற்சிப் பள்ளியில் கவாத்தும் சட்டமும் துப்பாக்கிப் பயிற்சியும் முடித்துத்தான் வெளியே வருகிறார்கள். அதன் பின்னர்த் துறை அணிக்குத் தேர்வானால், போட்டிக் காலங்களில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் விடுவிக்கப்படுவார்கள். தேர்தல், திருவிழா, தலைவர்கள் வருகை என்று ஆள் தேவைப்படும் நேரத்தில் பந்தோபஸ்துக்கு அழைப்பு வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆட்டத்தில் இருக்கும் ஆண்டுகள் பத்து அல்லது பன்னிரண்டு, பணி மூப்பு வரை எஞ்சும் ஆண்டுகள் அதைவிட மிகுதி. ஆடுகிற ஆண்டுகளில் வழக்குக் கோப்பு எழுதவும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் கற்றுக்கொள்ளாமல் விட்டவர்கள், பின்னாளில் தம்மைவிட இளையவர்களிடம் கேட்டு எழுதும் நிலையில் சங்கடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பாப்பா விண்ணப்பிப்பதாக இருந்தால், கல்லூரி அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடிய சான்றிதழ்களை உரிய படிவத்தில், உரிய அதிகாரியின் கையொப்பத்தோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மட்டத்துப் போட்டிகள் கணக்கில் கொள்ளப்படும் என்பது அந்தந்த அறிவிக்கையில் இருக்கும். அறிவிக்கை வந்த பிறகு கல்லூரிக்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.